சனிக்கிழமைகளில் அமெரிக்கா

என் கணவர் ஒரு நாளும் அமெரிக்காவில் கால் வைத்தவரில்லை. ஆனால் எண்பத்து நாலாம் ஆண்டு தொடக்கம் எண்பத்தேழு வரை, சனிக்கிழமை பின்னேரங்களில், அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கை கனடாவில், ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற் ஹோலில்தான் தீர்மானமானது. வாஷிங்டனில் இருந்தவர்கள் அதைக் கேட்டு நடக்கவில்லை என்றால் அது அவர்களுடைய குறை.

ஊரில் அவர் உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் படிப்பித்தவர். ரொறன்ரோவில், டவுன்ரவுனில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் மாடிகளை இரவிரவாகத் துடைத்தார். கிழமை நாட்களில் அவரை எவரும் மாஸ்ரர் என்று கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை கூப்பிட்டார்கள். அவருடைய சிநேகிதர்கள் மூன்று நாலு பேர் வந்து, பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, செற்றியிலும் கம்பளத்திலுமாக இருந்துகொண்டு, “மாஸ்ரர், உவன் அடுத்தது என்ன செய்யப்போறான்?” என்று கேட்பார்கள். உவன் என்றால் அமெரிக்கன். அந்தக் கேள்விக்காகவே கிழமை முழுக்கக் காத்திருந்தவர் சாரத்தை ஒருதரம் இறுக்கிக் கட்டுவார். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு என் குசினிக்குள் எந்த உதவியும் எட்டிப் பார்க்காது.

இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஆய்வு. எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் முடியாது. வேறு ஊர்க்காரர் கூடினால் சீட்டு விளையாடுவார்கள், பாடுவார்கள். நாங்கள் கூடினால் வல்லரசுகளின் மனதுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்போம். நாங்கள் வந்து இறங்கியது, அமெரிக்கா கிரனடா என்ற சின்னத் தீவில் படையை இறக்கி அதிக நாளாகாத நேரம். எங்கள் ஹோலின் முதல் ஆய்வு அதுதான். கிரனடாவில் இறங்கியவன் அடுத்ததாகத் திருகோணமலையில் இறங்குவான் என்று முடிவானது. எண்பத்தாறில் லிபியாவில் குண்டு போட்டான். அதுவும் சுற்றி வளைத்துத் திருகோணமலைத் துறைமுகத்துக்காகத்தான் என்று முடிவானது. அவன் பிலிப்பைன்ஸ் சனாதிபதியைக் கைவிட்டதும் திருகோணமலைக்காக, பாகிஸ்தான் சனாதிபதியைக் கைக்குள் பிடித்து வைத்ததும் திருகோணமலைக்காக.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை. பள்ளிக்கூட ஜன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். அதைக் கண்ணாலும் கண்டிராத யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் அதன் ஆழத்தைக் கப்பற்காரரின் பாகக் கணக்கில் சொல்லிக்கொண்டிருக்க, நான் உள்ளே நின்று வடை தட்டினேன். ஒருநாள் வடைத் தட்டோடு வந்து, அந்தத் தண்ணீருக்குள் விழுந்து எழும்பியவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். எல்லாரும் சிரித்து, அக்கா சொன்னால் சரி என்று சொல்லி, வடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஆழத்துக்குப் போனார்கள்.

அந்த ஆய்வுகளை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்பாத ஒன்றை நான் ஒரேயொரு முறை இன்னொருத்திக்கு எடுத்துச் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவளுடையது. எல் சல்வடோரிலிருந்து வந்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஸ்பானிஷ் அவளுடைய மொழி. இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை என்பதால் எங்களுக்குள் கதை நல்லாய்ப் போனது. ஒருத்தியின் பிழையை மற்றவள் கண்டுபிடிக்க மாட்டாள். நான் விடிய முதல் பஸ் பிடித்து, பிளாஸ்ரிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போகவேண்டும். என் கணவர் விடியத்தான் வேலையால் வந்து படுப்பார். பிள்ளை பார்க்கத் தோதான நித்திரை அல்ல அது. ஆகவே என் மகள் நடக்கப் பழகியதும் எதிர்வீட்டில், முதலில் சொன்ன சொற்களும் எதிர்வீட்டுச் சொற்கள். தண்ணீர் வேண்டுமென்றால் என்னிடமும் ‘அகுவா’ என்றுதான் கேட்பாள். எதிர்வீட்டுக்காரியைத் ‘தியா’ என்று கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் சித்தி, மாமி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதானாம்.

தியாவின் புருசனை ஒருநாள் இராணுவம் வீட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. அவள் தன் தம்பியோடு மெக்சிக்கோ தாண்டி அமெரிக்காவுக்குள் வந்தாள். அங்கே அகதி என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன் இல்லை என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் என் கணவர்தான். அவளுடைய நாட்டு இராணுவத்துக்குத் துவக்கும் ஹெலிகொப்ரரும் பயிற்சியும் கொடுத்தது அமெரிக்கா. அதே இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவளை அகதி என்று ஏற்றுக்கொண்டால், தான் கொடுத்த துவக்கு யாரைச் சுடுகிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இல்லை. அவர் சொன்னவற்றில் சரியானவையும் இருந்தன என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

கனடா அப்போது அவர்களுடைய நாட்டுக்கும் எங்களுடைய நாட்டுக்கும் ஆட்களைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தது. எல்லையில் வந்து நின்றால் உள்ளே விட்டு, பிறகு விசாரித்தார்கள். அவள் எல்லையிலுள்ள பஃபலோப் பாலத்தால் வந்து சேர்ந்தாள். தம்பி வரவில்லை. அவனுக்கு ஹூஸ்ரனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை கிடைத்திருந்தது. குளிர் நாட்டுக்கு வந்து என்ன செய்ய என்று நின்றுவிட்டான். அவனுடைய படம் ஒன்று அவள் வீட்டு ரெலிவிஷனுக்கு மேல் இருக்கும். மீசை சரியாய் அரும்பாத முகம். என் மகள் காலையில் போனதும் அந்தப் படத்துக்குக் கை காட்டிவிட்டுத்தான் விளையாடத் தொடங்குவாள்.

தம்பி வந்ததும் இந்த இடத்தை விட்டுவிட்டு, தங்கள் ஆட்கள் கூடுதலாக இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ற் எடுத்து இரண்டு பேரும் ஒன்றாக இருக்கப்போவதாக அவள் அடிக்கடி சொல்லுவாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குள் ஒரே கேள்விதான். பிள்ளையை யார் பார்ப்பது?

எண்பத்தாறு ஓகஸ்ற்றில் எங்கள் ஆட்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் கண்டு ஏற்றினார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நாடே உருகியது. பிறகு, இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்னது பொய், ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரியவந்ததும் காற்று மாறியது. எங்கள் ஹோலில் அன்றைய ஆய்வு, ஜெர்மனிக்குப் பின்னால் அமெரிக்கா நிற்கிறதா என்பது. என் தொழிற்சாலைக் கன்ரீனில் அன்றைய கதை வேறு. வழமையாக எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற பெண் அன்று வேறு மேசைக்குப் போனாள். பின்னால் யாரோ, இவர்கள் எல்லாரும் பொய்யர் என்று, எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்கள். நான் சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் கன்ரீனில்தான் நான் கனடாவைப் படித்தேன். ஆம்பிளைகள் சிற்றலை றேடியோவில் லண்டன் தமிழ்ச் செய்தியைக் கரகரக்க வைத்து அமெரிக்காவைப் படித்தார்கள். வருகிற ஆட்கள் கூடக் கூட, கன்ரீனில் முகங்கள் சுருங்கின. மார்கழி மாதம் என் மேற்பார்வையாளர், அயர்லாந்திலிருந்து சின்ன வயதில் வந்த பெண், நல்ல மனுசி, இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னாள். அரசாங்கம் கதவைச் சாத்தத்தான் போகிறது, எல்லையில் வேலை செய்கிற தன் சொந்தக்காரர் சொன்னார், உன் ஆட்கள் யாராவது வர இருந்தால் உடனே வரச் சொல்லு.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். கப்பலில் வேலை என்று போய் நியூயோர்க்கில் இறங்கி, ஒரு கடை நிலவறையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அன்று பின்னேரமே அவனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“கையில கிடக்கிறதைப் போட்டிட்டு வெளிக்கிடு. இவங்கள் பூட்டப் போறாங்கள்” என்றேன்.

ஆர் சொன்னது என்று கேட்டான். உனக்கு அது தேவையில்லை, வெளிக்கிடு என்றேன். வருசம் பிறக்க முதல் வந்து சேர்ந்துவிட்டான். எங்கள் ஹோல் செற்றியில் அவன் நித்திரை கொள்ளுவதைப் பார்க்க எனக்குக் கண்ணீர் வந்தது. தியா எதிர்வீட்டிலிருந்து சோளமாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த உருண்டைகள் கொண்டுவந்தாள். அவனுக்குக் குளிர்ச் சட்டை இல்லை என்று கண்டு, தன் ஆட்கள் யாரிடமோ கேட்டு ஒரு கோட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். அது தன் தம்பிக்கென்று சொல்லி வைத்திருந்த கோட் என்று பிறகு தெரிந்தது.

அவளிடம் நான் அந்தக் கன்ரீன் கதையைச் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன் என்று எழுதினால் அது பொய். சொல்லக்கூடாது என்றும் நான் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் பிள்ளையை அவள் கையில் கொடுக்கும்போது ஞாபகம் வரும். கொடுத்துவிட்டு லிப்ற்றுக்கு ஓடுவேன்.

ஆனால் அவள் தானாகவே கேட்டாள். என் தம்பி வந்து சேர்ந்ததைக் கண்டதும் அவளுக்குத் தன் தம்பியின் யோசனை கூடிவிட்டது. அமெரிக்காவில் புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. அதிக காலத்துக்கு முன் வந்தவர்களுக்கு விசா கொடுப்பார்கள். பிந்தி வந்தவர்களுக்கு இல்லை. விசா இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்கிற முதலாளிக்குத் தண்டனை. தம்பி பிந்தி வந்தவன். முதலாளி முகத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டாராம். இப்பவே புறப்பட்டு வரச் சொல்லவா, அல்லது பொறுத்துப் பார்க்கவா? உன் கணவர் இதெல்லாம் படித்தவர், நாலு பேர் வந்து கேட்டுக்கொண்டு போகிறார்கள், அவரிடம் கேட்டுச் சொல்வாயா என்றாள்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் எங்கள் ஹோலுக்கு வந்தாள். நல்ல உடுப்புப் போட்டிருந்தாள், டொக்ரரிடம் வருகிற மாதிரி. ஆம்பிளைகள் கதிரை விட்டுக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஹோலில் ஒரே கொண்டாட்டம். அமெரிக்கன் ஈரானுக்குக் களவாக ஆயுதம் விற்று, அந்தக் காசை நிக்கரகுவாவில் அரசாங்கத்துக்கு எதிராகச் சண்டை பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்த கதை அம்பலத்துக்கு வந்து, ஒவ்வொரு நாளும் ரெலிவிஷனில் அவனுடைய அதிகாரிகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரர் இரண்டு வருசத்துக்கு முன்னமே சொன்னவர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் அவளுடைய கேள்வியைத் தமிழில் சொன்னேன். என் கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இப்போதும் குறைவாக எடைபோட மாட்டேன். மூன்று வருசமாக மாடி துடைத்த மனுசனிடம் ஒருத்தி வந்து, அவர் படித்த படிப்பை நம்பி ஒன்று கேட்கிறாள். அவர் நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அமெரிக்கச் சனாதிபதியால் இனித் தலை நிமிர முடியாது. காங்கிரசின் இரண்டு சபையும் இப்போது எதிர்க்கட்சியின் கையில். மத்திய அமெரிக்காவுக்குப் போகிற ஆயுதத்துக்கு அவர்கள் கடிவாளம் போடுவார்கள். சல்வடோர்க்காரரைத் திருப்பி அனுப்புவதை நிற்பாட்டச் சொல்லி அங்கே ஒரு சட்டமூலமும் கிடக்கிறது. அது இந்த முறை நிறைவேறும்.

“ஆறு மாசம் பொறுக்கச் சொல்லும். இந்தக் குளிருக்குள்ள, இருக்கிற வேலையையும் விட்டிட்டு அந்தப் பெடியன் வரத் தேவையில்லை எண்டு சொல்லும்” என்றார்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், ஓம், ஆறு மாசம் கூட எடுக்காது என்றார். அந்த ஹோலில் இருந்த ஒருவருக்காவது, நாங்கள் இருக்கிற நாடு என்ன செய்யப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கிரனடாவைத் தெரியும், நிக்கரகுவாவைத் தெரியும், ஒட்டாவாவில் யார் எந்த மந்திரி என்று ஒருவருக்கும் தெரியாது. கனடா எங்களுக்கு ஒரு நாடாகத் தெரியவில்லை. நல்ல சூடான ஒரு காத்திருப்பு அறையாகத் தெரிந்தது.

ஆனால் எனக்குத் தெரியும். நான் அவள் பக்கம் திரும்பி, என் அரைகுறை இங்கிலிஷில், கணவர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. மூன்று வருசமாக அவருடைய ஆய்வுகளுக்கு நக்கலடித்தவள், அன்று மட்டும் ஒரு நல்ல மாணவியைப் போல ஒப்புவித்தேன்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள். அப்படியென்றால் உன் தம்பி ஏன் இவ்வளவு அவசரமாக வந்தான்?

கம்பளத்தில் இருந்து வடை தின்றுகொண்டிருந்த என் தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அவ்வளவு இங்கிலிஷ் விளங்கும்.

“அவனுக்கு அங்கே ஒழுங்கான வேலை இல்லை. உன் தம்பிக்கு இருக்கிறது” என்றேன்.

அவள் யோசித்து, சரி என்று தலையாட்டி, எல்லாருக்கும் நன்றி சொல்லி எழும்பினாள். கதவு சாத்தினதும் தம்பி குசினிக்குள் வந்தான்.

“அக்கா, நீ எனக்கு வேற மாதிரியெல்லோ சொன்னனி?”

“உனக்குச் சொன்னது உனக்கு. பேசாமல் இரு” என்றேன்.

அவன் பிறகு அந்தக் கோட்டைப் போடவில்லை. குளிரோடு குளிராக, கணவரின் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வேலை தேடப் போனான்.

மாசி மாதம் கதவைச் சாத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போன இடத்தில் மேற்பார்வையாளர் சொன்னாள். இனி அமெரிக்க எல்லையில் வந்து நிற்கிறவர்களை உள்ளே விடுவதில்லை; ஒரு திகதி கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள்; அந்தத் திகதி வரை அமெரிக்காவிலேயே இருந்துவிட்டு வரவேண்டும். திருப்பி அனுப்பாத நாடுகள் என்ற சலுகையும் இல்லை. உன் தம்பி வந்துவிட்டான்தானே என்று கேட்டு, என் தோளில் தட்டினாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் படகுகளைப் பார்த்துத் திரண்ட கோபம்தான் அந்தக் கதவைத் தள்ளியது என்று கன்ரீனில் எல்லாருக்கும் தெரியும். அது போய் விழுந்தது தியாவின் தம்பியின் முகத்தில்.

அன்று வீட்டுக்கு வர, தியா எங்கள் வாசலில் நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தாள். முதலாளி அந்தக் கிழமைதான் வேலையால் நிற்பாட்டியிருந்தாராம். தம்பி பஸ் ஏறிவிட்டான். எங்கேயோ நடுவழியில் வந்துகொண்டிருந்தான். இனி என்ன செய்வது என்று கேட்டாள். என் கணவரும் கட்டிலை விட்டு எழும்பி வந்து நின்றார். அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தம்பி பஃபலோப் பாலம் வரை வந்து சேர்ந்தான். கனடாக்காரர் கிழமைக் கணக்கில் தள்ளி ஒரு திகதி கொடுத்துத் திருப்பிவிட்டார்கள். அமெரிக்கப் பக்கத்திலேயே ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், அவனைப் போலப் பலரோடு படுத்திருந்தான். சல்வடோர்க்காரர் மட்டுமல்ல, எங்கள் ஆட்களும் அங்கே படுத்திருந்தார்கள். தியாவோடு கதைப்பதற்கு வெளியே ரெலிபோன் பூத்துக்குப் போனவனை அமெரிக்கக் குடிவரவுக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதிக் கதையில் ரெலிபோன் நின்றுவிட்டது என்று அவள் சொன்னாள். போட்ட சில்லறை தீர்ந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

அதற்குப் பிறகு நான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேற்பார்வையாளர் சொன்னதை, தம்பிக்கு ரெலிபோன் எடுத்ததை, தியா மேற்குப் பக்கம் போய்விடுவாள் என்ற என் பயத்தை.

“நீர் எனக்கொரு சொல் சொல்லியிருந்தால் நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்” என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்கள் ஒருநாளாவது கேட்டனீங்களோ? உலகத்தில இருக்கிற எல்லாரின்ர மனசையும் அறிஞ்ச மனுசன், என்ர கன்ரீனில என்ன கதைக்கினம் எண்டு ஒருநாள் கேட்டனீங்களோ?”

நான் சொன்னது சரி. அவர் சொன்னதும் சரி. இரண்டு சரியையும் கூட்டினாலும் அந்தப் பெடியனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கணவர் அந்தச் சிற்றலை றேடியோவை உடுப்பு அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நான் அதை வெளியே எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருக்கலாம்; குற்றம் அவருடையது மட்டும் என்பதுபோல் அது அங்கே கிடந்தது.

தியா தன் ஆட்களோடும் தேவாலயக்காரரோடும் சேர்ந்து வழக்கறிஞர்களுக்குப் பின்னால் அலைந்தாள். அவனை ரெக்சஸ் பக்கம் ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். அந்தச் சட்டமூலம் அங்கே கிடந்தபடியே கிடந்தது. அவளுடைய அலைச்சலுக்காக நான் சில நாள் வேலைக்குப் போகாமல் நின்றேன். மற்ற நாட்களில் அவள் என் பிள்ளையை வைத்திருந்தாள். படத்துக்குக் கை காட்டுவதை மகள் நிறுத்தவில்லை.

ஆடி மாதக் கடைசியில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் கையெழுத்திட்டன. நீண்ட நாளைக்குப் பிறகு எங்கள் ஹோல் நிறைந்தது. வந்தவர்களுக்கு வாய் கொள்ளாத கேள்விகள். இந்தியன் இறங்கினதுக்கு அமெரிக்கன் சம்மதமா, திருகோணமலையை இனி ஆர் வைச்சிருக்கப் போறான், மாஸ்ரர், சொல்லுங்கோ. கணவர், எனக்கு விளங்கேல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அதைத் தந்திரமான பதில் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஆர்வமாகக் கேட்டார்கள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. தியா. அதே நல்ல உடுப்பு. நேராக உள்ளே வந்து, யாரும் எழும்ப முதல், அதே கதிரையில் இருந்தாள். அவனைப் பிளேனில் ஏற்றிவிட்டார்கள் என்றாள். வியாழக்கிழமை இறங்கியிருக்க வேண்டும். ஊரில் உள்ள சொந்தக்காரர் விமான நிலையத்துக்குப் போனார்கள். இறங்கினவர்களில் அவனைக் காணவில்லை. திருப்பி அனுப்புகிறவர்களை அங்கே என்ன செய்வார்கள் என்று அவரிடம் கேள் என்றாள்.

நான் தமிழில் சொன்னேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதெண்டு சொல்லும்” என்றார்.

“அவருக்குத் தெரியாது” என்றேன் இங்கிலிஷில்.

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள். அவள் எழும்பி என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவ்வளவு காலமும் வாய்க்குள் வைத்திருந்ததை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். கதவு சாத்தப் போகிறார்கள் என்று எனக்கு மார்கழியிலேயே தெரியும், என் தம்பியை அதனால்தான் வரச் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை, என் பிள்ளையை யார் பார்ப்பது என்று பயந்தேன். என் இங்கிலிஷ் அன்று பிழையில்லாமல் வந்தது.

அவளுக்கு விளங்கியது. விளங்காமல் போயிருக்குமோ என்று நான் பிறகு பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். நல்லாய் விளங்கியது. கண்களை ஒருதரம் மூடித் திறந்தாள். ஆனால் கையை விடவில்லை.

“அப்போது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நீ சொல்லவில்லை” என்றாள்.

“ஓம்” என்று தமிழிலேயே சொன்னேன்.

“அப்படியென்றால் இப்போதும் உனக்குத் தெரியும். சொல்லு. நான் அழமாட்டேன்.”

தெரியாது என்றேன். அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள். உண்மையாகத் தெரியாது என்றேன், என் பிள்ளைமேல் ஆணையாகத் தெரியாது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள், வாய் திறக்கப் பயப்படுகிற ஒருத்திக்கு நேரம் கொடுக்கிறவள் மாதிரி. ஹோலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி, சப்பாத்துகளைத் தேடி, சொல்லாமல் போனார்கள்.

திங்கட்கிழமை விடிய, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டக் கை வரவில்லை. வேறு போக்கிடமும் இல்லை. தட்டினேன். உடனே திறந்தாள், நித்திரை கொள்ளாத முகம். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். மகள் வழமைபோல ரெலிவிஷனுக்கு மேலிருந்த படத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“இன்றைக்குச் சொல்லுவாயா?” என்று தியா கேட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.